வேலையை விட்டு நின்றவருக்கும் போனஸ் உண்டு

தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது ஆண்டுதோறும் என் அலுவலகத்துக்கு ஒரே கேள்வியோடு ஆட்கள் வருவார்கள். "நான் நடுவிலேயே நின்றுவிட்டேன். போனஸ் கிடையாது என்கிறார்கள். அப்படியா, சார்?"

தொழிலாளர் வழக்குகளைப் பார்த்துவரும் எனக்கு இந்தக் கேள்வியைவிட அதைக் கேட்காமலே போய்விடுகிறவர்களை நினைத்துத்தான் வருத்தம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு ஆண்டு டெய்லராக இருந்தவர், வீட்டுக்குப் பக்கத்தில் வேறு வேலை கிடைத்ததும் ஜூன் கடைசியில் நின்றார். தீபாவளிக்கு முன் பழைய கம்பெனிக்குப் போனபோது, "நின்றவர்களுக்குப் போடுவதில்லை" என்று கணக்கர் சொல்லியிருக்கிறார். இவரும் அதை நம்பித் திரும்பிவிட்டார். மனைவி வற்புறுத்தியதால்தான் என்னிடம் வந்தார். அந்தக் கணக்கரும் ஏமாற்ற நினைத்தவரல்ல. அவருக்கு முன்பிருந்தவர் சொல்லிக்கொடுத்த வழக்கத்தைச் சட்டம் என்றே நினைத்திருந்தார்.

1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் சொன்னது வேறு. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், ஒரு கணக்காண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, குறைந்தது 30 வேலை நாட்கள் உழைத்தவருக்குப் போனஸ் உண்டு. மோசடி, திருட்டு, பணக் கையாடல், நிறுவனச் சொத்துக்கு நாசம், வேலையிடத்தில் வன்முறை ஆகிய குற்றங்களுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவர்தான் அதை இழப்பார். ராஜினாமா அந்தப் பட்டியலில் இல்லை. நோட்டீஸ் கொடுக்காமல் நின்றதும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் குற்றத்துக்கான தண்டனை பட்டியலில் சேர்ந்திருக்கிறது. ராஜினாமா இன்றும் சேரவில்லை.

குறைந்தபட்சப் போனஸ் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆண்டு முழுவதும் வேலை செய்தவருக்கு ஏறக்குறைய ஒரு மாத ஊதியம். ஆனால் அந்த ஊதியத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பழைய சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தத்தின்படி, மாதம் 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியம், இதில் எது அதிகமோ அதை வைத்துக் கணக்கிட வேண்டும். 21,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் வாங்குபவருக்கு இந்தச் சட்டப் போனஸ் இல்லை. அங்கே பலர் தவறாக ஒதுங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அடிப்படை ஊதியத்தையும் பஞ்சப்படியையும்தான். வீட்டு வாடகைப்படியும் ஓவர்டைமும் சேர்ந்து கைக்கு 28,000 வந்தாலும், அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து 21,000-க்குள் இருந்தால் அவர் உரிமை உள்ளவரே.

டெய்லருக்கு வருவோம். மார்ச் வரை முழு ஆண்டும் அவர் தைத்து முடித்திருந்தார். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் தர வேண்டும் என்பதால், நம் ஊரில் அது தீபாவளியோடு சேர்ந்து வருகிறது. உழைப்பு மார்ச்சோடு முடிந்துவிட்டது. அந்தத் தொகை முழுதாக அவருடையது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும் 30 நாளுக்கு மேல் வேலை செய்திருந்ததால், அந்த மூன்று மாதத்துக்கான போனஸும் அடுத்த ஆண்டில் அவருக்குச் சேர வேண்டும். இந்த இரண்டாவது தொகையைக் கேட்டு வந்தவர்கள் என் அனுபவத்தில் மிகக் குறைவு. கணக்கோடு ஒரு கடிதம் அனுப்பினோம். கம்பெனி முதல் தொகையை உடனே கொடுத்தது, இரண்டாவதை மறு ஆண்டு கொடுத்தது.

எல்லோருக்கும் இப்படி உதவ முடிவதில்லை. மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு, முந்தைய ஆண்டின் செயல்திறன் போனஸ் மார்ச் கடைசியில் வர வேண்டியது. பிப்ரவரி 24 அன்று ராஜினாமா கொடுத்துவிட்டார். நியமனக் கடிதத்தின் ஏழாம் பக்கத்தில், பணம் வழங்கும் நாளில் நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்கு இது கிடையாது என்று எழுதியிருந்தது. ஆண்டு முழுவதும் இரவு பகலாக உழைத்த பணம். அது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் இந்தப் போனஸ் ஒப்பந்தத்தால் வருவது. கையெழுத்திட்ட நிபந்தனையை மீறி வழக்காடுவது கடினம் என்று அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஐந்து வாரம் பொறுத்திருந்தால் பணம் கைக்கு வந்திருக்கும். புதிய நிறுவனம் அவசரப்படுத்தினால், இழக்கப்போகும் தொகையை ஈடுகட்ட முடியுமா என்று அவர்களிடமே கேட்கலாம். அதையும் வேலையை ஏற்றுக்கொள்ளும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

வேலையில் சேரும்போது தரும் ஊக்கத்தொகையும் இப்படித்தான். ஓராண்டுக்குள் நின்றால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் அதோடு வரும். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், சேர்ந்து மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் இத்தகைய தாள்களில் கையெழுத்திட வேண்டாம்.

கணக்கு முடிக்கும் நாளில் நீட்டப்படும் தாளில் "எனக்கு வரவேண்டியது எதுவும் இல்லை" என்ற வரி இருக்கும். அதன் கீழே "போனஸ் நீங்கலாக" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள், ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் வராவிட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள், பிறகு தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள். புதிய தொகுப்பு கோரிக்கை மனுவுக்கு மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. பழைய சம்பளக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். போனஸ் வந்து விழுவது பெரும்பாலும் அதில்தான்.