மங்கிய லேசர் ஒற்றை ஃபோட்டான் ஆகாது

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்து முதுகலை இயற்பியல் மாணவர்களின் ஆய்வறிக்கைகளைத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. ‘ஒற்றை ஃபோட்டான் சோதனை’, அதாவது ஒளித்துகளை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்க்கும் சோதனை என்ற தலைப்பு இப்போது அடிக்கடி வருகிறது. உள்ளே பார்த்தால் ஒரு ஹீலியம்-நியான் லேசர், அதன் முன்னால் அடுக்கிய கறுப்பு வடிகட்டிகள், ஓர் உணர்கருவி. எண்ணிக்கை விட்டுவிட்டுப் பதிவானதும் ஃபோட்டான் ஒவ்வொன்றாக வருகிறது என்று எழுதிவிடுகிறார்கள். கருவி விற்பவர்களின் விளம்பரமே அப்படித்தான் சொல்கிறது. மாணவரை மட்டும் நொந்து என்ன பயன்?

632.8 நானோமீட்டரில் 1 மில்லிவாட் லேசர் நொடிக்குச் சுமார் 32 கோடி கோடி ஃபோட்டான்களை உமிழ்கிறது. வடிகட்டி இந்தச் சராசரியைத்தான் குறைக்கிறது. லேசர் ஒளி இருக்கும் குவாண்டம் நிலைக்கு ஓரியல் நிலை என்று பெயர். அதில் ஃபோட்டான் எண்ணிக்கை நிலையானதல்ல, தற்செயலாக நேர்பவற்றின் எண்ணிக்கையைச் சொல்லும் பாய்சான் பரவலின்படி ஏறி இறங்கும். பெருமழை சாரலானாலும் துளிகள் வரிசை கட்டி விழுவதில்லை அல்லவா? ஒளியைச் சிறு சிறு துடிப்புகளாக விட்டு, ஒரு துடிப்புக்குச் சராசரி 0.1 ஃபோட்டான் என்று வைத்தால் நூறில் தொண்ணூறு துடிப்புகள் வெறுமையாகப் போகும். ஃபோட்டான் உள்ள துடிப்புகளிலும் ஏறக்குறைய 5 சதவீதத்தில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். சராசரியை 1 ஆக்கினால் அந்தப் பங்கு 42 சதவீதத்தை எட்டும்.

ஓரியல் நிலையைக் கையாள வழிகள் உண்டு. வடிகட்டி ஒளியலையின் வீச்சைக் குறைக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் நீளம் சற்றே மாறும் அழுத்தமின் படிகத்தில் பொருத்திய கண்ணாடி நுண்ணளவு நகர்ந்து கட்டத்தை மாற்றும். 99 சதவீத ஒளியைக் கடத்தும் கற்றைப் பிரிப்பானில், அதே லேசரிலிருந்து பிரித்த வலுவான கற்றையைச் சேர்த்தால் வீச்சையும் கட்டத்தையும் சேர்த்தே மாற்றி நிலையையே இடம்பெயர்க்கலாம். இவை அனைத்துக்கும் பிறகும் அது ஓரியல் நிலையாகவே இருக்கும், ஒற்றை ஃபோட்டான் ஆகிவிடாது. இதன் கணிதத்தை 1963 இல் இயற்பியலாளர்கள் ராய் கிளாபரும் ஜார்ஜ் சுதர்சனும் வகுத்தார்கள். கிளாபருக்கு 2005 இல் நோபல் கிடைத்தது. சென்னையில் படித்த சுதர்சனுக்குக் கிடைக்கவில்லை. அந்த மனக்குறை எனக்கு இன்னும் உண்டு.

சோதித்துப் பார்க்கும் முறை எளிது. ஒளியைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு உணர்கருவிகளில் விழச் செய்து, இரண்டும் ஒரே நேரத்தில் பதிவு செய்வதை எண்ணுங்கள். தற்செயலாக நேரும் என்று எதிர்பார்க்கும் அளவால் அதை வகுத்தால், எவ்வளவு மங்கலான லேசருக்கும் விடை 1. உண்மையான ஒற்றை ஃபோட்டானுக்கு அது சுழியை நெருங்க வேண்டும். 1986 இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் கிராஞ்சியர், ரோஜர், அஸ்பெ மூவரும் கால்சியம் அணுக்களிலிருந்து வந்த ஒளியில், விடை 1-க்கு வெகுவாகக் கீழே இறங்குவதைக் காட்டினார்கள்.

ரகசியச் சாவியை ஃபோட்டான்களில் ஏற்றி அனுப்பும் குவாண்டம் மறையீட்டில் இந்த வேறுபாடு பாதுகாப்பையே பாதிக்கும். இரண்டு ஃபோட்டான் உள்ள துடிப்பிலிருந்து ஒன்றைத் திருடி வைத்துக்கொள்பவரைக் கண்டுபிடிக்க, செறிவு மாற்றிய போலித் துடிப்புகளை இடையிடையே அனுப்புகிறார்கள்.

நம் மாவட்டத்து உப்புக் காற்றில் கண்ணாடிகளின் மேல் மெல்லிய படலம் படிந்து எண்ணிக்கை மெதுவாகச் சரியும். அதைப் புதிய விளைவு என்று அறிக்கையில் எழுத வேண்டாம். வடிகட்டியைக் கழற்றும் முன் உணர்கருவியின் மின்சாரத்தை நிறுத்துங்கள், லேசரையும் மூடுங்கள். முழுக் கற்றை விழுந்தால் உணர்கருவி கெட்டுவிடும், கண்ணுக்கும் ஆபத்து.