லாரி கேபினில் குடியிருப்பவருக்கும் வங்கிக் கணக்கு உண்டு

துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் காத்து நிற்கும் டிரெய்லர்களில் பல, ஓட்டுநருக்கு வீடும்கூட. தூக்கம், சாப்பாடு எல்லாம் கேபினில். பேட்டா காசும் சீட்டுக்கு அடியில்தான். “சென்னையில வீடே இல்ல, பேங்க்ல எப்படிக் கணக்கு கொடுப்பாங்க?” என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்க வேண்டும், ரிசர்வ் வங்கியின் விதிகள் அதற்கு இடம் தருகின்றன.

ஆதாரில் இருப்பது நாமக்கல் முகவரியோ பீகார் முகவரியோ, அதை வைத்தே திருவொற்றியூரிலோ மணலியிலோ கணக்கு தொடங்கலாம். ஆதார் சரிபார்ப்பு மூலம் தொடங்கும்போது, இப்போது தங்குமிடம் வேறு என்றால் அதை நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். வாடகை ஒப்பந்தம் கேட்டு அலையவிட்டால் இந்த விதியைச் சொல்லுங்கள். ஊர் முகவரியையே வைத்துக்கொள்வதும் சரிதான், ஆனால் வங்கித் தபால் ஊருக்குத்தான் போகும்.

அடையாள ஆவணமே கையில் இல்லையா? போட்டோ கொடுத்து, வங்கி அதிகாரி முன் கையெழுத்தோ கைரேகையோ வைத்துச் ‘சிறு கணக்கு’ தொடங்கலாம். ஆண்டுக்கு மொத்த வரவு 1 லட்சம் ரூபாய், மாதத்துக்கு எடுப்பது 10,000, இருப்பு 50,000 என்பவை அதன் உச்சவரம்பு. ஆயுள் 12 மாதம்; ஆவணத்துக்கு விண்ணப்பித்த சான்றைக் காட்டினால் இன்னும் 12 மாதம். லோடு ஓட்டுபவருக்கு இந்த வரம்பு சீக்கிரமே இடிக்கும். அதனால் இதைத் தற்காலிக ஏற்பாடாக மட்டும் பாருங்கள்.

ஓட்டுநர்களுக்கு நான் முதலில் சொல்வது ஜன் தன் கணக்கு. குறைந்தபட்ச இருப்பு வேண்டாம். ரூபே கார்டோடு விபத்துக் காப்பீடும் வரும்: 28.8.2018-க்குப் பிறகு தொடங்கிய கணக்குக்கு 2 லட்சம் ரூபாய். ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அந்தக் கார்டை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். ஜிபே இருக்கிறதே என்று கார்டைத் தொடாமலே விட்டால், வேண்டிய நேரத்தில் காப்பீடு கைவிட்டுவிடும். ஏடிஎம்மில் அவ்வப்போது நூறு ரூபாயாவது எடுத்துவிடுங்கள். மாதத்துக்கு எத்தனை முறை இலவசமாக எடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு தொலைந்துபோனால்? கணக்கோடு ஆதார் இணைந்திருந்தால், தபால்காரரிடமோ வங்கி முகவரிடமோ விரல் வைத்துப் பணம் எடுக்கலாம். அதற்கு முன் கையை நன்றாகக் கழுவுங்கள்; கிரீஸ் படிந்த விரலை மெஷின் லேசில் ஏற்காது.

அப்புறம் கேஒய்சி, அதாவது வங்கி அவ்வப்போது கேட்கும் அடையாள, முகவரிச் சரிபார்ப்பு. “ஹோம் பிராஞ்சுக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பத் தேவையே இல்லை. அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் புதுப்பிக்கலாம். விவரம் எதுவும் மாறவில்லை என்றால் உறுதிமொழி மட்டும் போதும், அதை மொபைல் வழியாகவே அனுப்பலாம். 2 ஆண்டு வரவு செலவே இல்லாமல் முடங்கிய கணக்கை மீண்டும் இயக்கவும் கட்டணம் கிடையாது.

முகவரியைவிட முக்கியம் போன் நம்பர். ஓடிபி வருவது அதில்தான். ரீசார்ஜ் இல்லாமல் சிம்மை விட்டுவிடாதீர்கள். கேபினில் தூங்கும்போது போன் திருடுபோனால் முதலில் வங்கிக்குச் சொல்லி கார்டையும் யுபிஐயையும் முடக்குங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கிளையில் மறுத்தால் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.