மக்கிலதோரா: ‘எல்லை மகளிர் ஆலை’ என்னும் பிழை

சென்ற மாதம் மார்த்தாண்டத்தில் நடந்த ஒரு வாசகர் கூடுகையில், மெக்சிகோவின் எல்லை நகரமான சியுதாத் ஹுவாரெசின் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றிய செய்திக் கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தை வாசித்தார்கள். மூலத்தில் ‘மக்கிலதோரா’ (பிறர் அனுப்பும் பொருளைக் கூலிக்குச் செய்து திருப்பிக் கொடுக்கும் ஆலை) என்று இருந்திருக்கக்கூடிய இடங்களிலெல்லாம் ‘எல்லை மகளிர் ஆலை’ என்ற தொடரே வந்தது. இத்தொடரை நான் கேட்பது அது நான்காம் முறை. மொழிபெயர்த்தவரோ, சொல்லைப் பலகையில் ‘மகிளாடோரா’ என்று எழுதிக் காட்டி, அதில் ‘மகிளா’ இருப்பதையே தம் ஆக்கத்துக்குச் சான்றாகச் சொன்னார். அதன் பிறகும் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சொல் ஸ்பானியம். அதன் அடி ‘மக்கிலா’. தானியம் அரைத்துக் கொடுப்பவர் தம் உழைப்புக்கு ஈடாக அதிலிருந்தே அளந்து எடுத்துக்கொள்ளும் பங்கு என்பது அதன் பொருள். அளத்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்தது. எழுத்தைப் பொறுத்தவரை, ககரத்தை இரட்டிக்காவிட்டால் நம் வாயில் அது மெலிந்துவிடும், ஈற்றயல் ஒலிக்கு ‘டோ’வைவிட நம் ‘தோ’வே நெருக்கமானது, ளகரத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே ‘மகிளா’வுக்கும் இதற்கும் உறவில்லை.

‘ஈற்றில் பெண்பால் விகுதி இருக்கிறதே’ என்று இன்னொருவர் கேட்டார். இருக்கிறது, ஆனால் அந்தப் பெண்பால் தொழிலாளருடையது அன்று. ஸ்பானியத்தில் தொழில், நிறுவனம் ஆகியவற்றைக் குறிக்கும் பெயர்கள் பெண்பாலாக இருப்பதால் அவற்றைத் தழுவும் அடைமொழியும் பெண்பால் விகுதி ஏற்கிறது, அவ்வளவே. ஆண்கள் மட்டுமே வேலை செய்யும் ஆலையும் மக்கிலதோராதான். அமெரிக்கப் பண்ணைகளுக்கு மெக்சிகோ ஆண்களைக் கூலிக்கு அழைத்த பிராசெரோ ஏற்பாடு 1964இல் முடிந்து, அவர்கள் வேலையின்றித் திரும்பிய நிலையில், 1965இல் மெக்சிகோ அரசு எல்லைத் தொழில்மயத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி வந்த ஆலைகள் அந்த ஆண்களை விட்டுவிட்டு இளம்பெண்களையே பெரும்பாலும் சேர்த்துக்கொண்டன. பிற்காலத்தில் ஆண்களின் பங்கு கூடியது. ‘மகளிர் ஆலை’ என்று பெயரிட்டுவிட்டால் இந்த மாற்றத்தை எழுத வரும் செய்தியாளர், ‘மகளிர் ஆலையில் ஆண்கள் பெருகினர்’ என்றா எழுதுவார்?

‘எல்லை’யும் நிலைக்கவில்லை. தொடக்கத்தில் இவ்வாலைகள் எல்லையை ஒட்டிய குறுகிய பட்டைக்குள் அடங்கின. 1972இலேயே நாட்டின் உட்பகுதிகளிலும் அனுமதி கிடைத்தது. இடத்தாலும் பாலாலும் பெயரிடுவது சரியென்றால், நம் குமரி மாவட்டத்தின் முந்திரித் தொழிற்சாலைகளுக்கு அந்தப் பெயர் இன்னும் நன்றாகப் பொருந்தும். கேரளத்துக் கூலி விதிகள் இறுகியபோது கொல்லத்து முதலாளிகள் பலர் மாநில எல்லையான களியக்காவிளைக்கு இப்புறம் ஆலை வைத்தார்கள்; கொட்டை உடைப்பதும் தோல் உரிப்பதும் தரம் பிரிப்பதும் பெண்களே; முந்திரி ஓட்டிலிருந்து வடியும் பால் பட்டு விரல் வெந்தவர்கள் விளவங்கோட்டுப் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு. ஆயினும் எந்தப் பெண்ணும் ‘எல்லை மகளிர் ஆலைக்குப் போகிறேன்’ என்று சொல்லிப் புறப்படுவதில்லை. ‘அண்டியாபீஸ்’ (அண்டி என்றால் முந்திரிக்கொட்டை) என்கிறாள், எல்லாருக்கும் விளங்குகிறது.

மக்கிலதோரா என்னும் சொல் சுட்டுவது பொருள் யாருடையது என்பதைத்தான். கொப்பரையைச் செக்கில் கொடுத்து எண்ணெய் ஆட்டி வருகிறோம். கொப்பரையும் நம்முடையது, எண்ணெயும் நம்முடையது, செக்குக்காரருக்கு ஆட்டுக்கூலி மட்டுமே. புண்ணாக்கையே கூலிக்கு ஈடாக விட்டுவிட்டு வருவோரும் உண்டு; அது அப்படியே பழைய மக்கிலா. ஹுவாரெசிலும் இன்னோர் எல்லை நகரமான திஹுவானாவிலும் நடந்தது இதன் பெருவடிவம். அமெரிக்காவில் வெட்டிய துணி சுங்கவரி இன்றி எல்லை தாண்டி வந்தது, தைக்கப்பட்டுத் திரும்பிப் போனது. திரும்பும்போது அமெரிக்கச் சுங்கம், தன் நாட்டுத் துணியின் மதிப்பைக் கழித்துவிட்டு, வெளியே சேர்ந்த மதிப்புக்கு மட்டும் வரி போட்டது. ஆலை நின்ற ஊருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஆட்டுக்கூலிதான்.

இந்த உறவுக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. பாவும் ஊடும் பிறர் தர, நெய்து கொடுத்துக் கூலி வாங்குவது கூலி நெசவு. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலைகளுக்கு அரவைக் கூலி. இவற்றை ஒட்டிக் ‘கூலியாலை’ என்பதே என் பரிந்துரை. கூலியாட்கள் வேலை செய்யும் ஆலை என்று மயங்க இடமுண்டு என்பார்கள். கூலி நெசவு என்றால் யாரும் அப்படி மயங்குவதில்லை. நம் அண்டியாபீசும் முதலாளி தாமே கொட்டை வாங்கி உடைக்கும்வரை கூலியாலை ஆகாது. பிறர் கொட்டையைக் கூலிக்கு உடைத்துக் கொடுத்தால் ஆகும். இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக்காட்டுவது ஒரு கலைச்சொல்லுக்குப் போதாதா?

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தாம் கொத்தடிமை வேலை நடக்காத இடத்தையும் ‘கொத்தடிமைக் கூடம்’ என்கிறார்கள், ‘ஸ்வெட்ஷாப்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிய்த்து ‘வியர்வைக் கடை’ என்றும் எழுதுகிறார்கள். படிப்பவர் மனம் உருக வேண்டும் என்ற அவசரம் சொல்லின் பொருளைத் தின்றுவிடுகிறது.

அந்த அவசரம் செய்தியையும் கெடுக்கும். 2001 நவம்பரில் ஹுவாரெசின் பருத்தி வயல் ஒன்றில் எட்டுப் பெண்களின் உடல்கள் கிடைத்தன. அவர்களுள் மூவர் வழக்கில், அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2009இல் மெக்சிகோ அரசைப் பொறுப்பாக்கியது. அம்மூவரில் ஒருவர் மாணவி, ஒருவர் வீட்டு வேலை செய்தவர், ஒருவரே ஆலைத் தொழிலாளி. இரண்டு நிமிடம் பிந்தியதற்காக வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட நாளில் காணாமற்போனவர். கூடுகையில் வாசித்த தமிழாக்கம் மூவரையும் ‘எல்லை மகளிர் ஆலைப் பெண்கள்’ ஆக்கியிருந்தது. அவ்வரியை நான் திருத்திக் கொடுத்தது இவ்வாறு: ‘கொல்லப்பட்ட மூவரில் ஒருவர் கூலியாலைத் தொழிலாளி.’