மரபணுக் கோளாறு என்றதும் மருமகளைப் பார்க்காதீர்கள்

சென்ற மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து என்னிடம் ஒரு குடும்பம் வந்தது. ஐந்து வயதுப் பையன், அம்மா, அப்பா, அப்பாவைப் பெற்ற ஆயா. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பையன் இடது காலை லேசாக இழுத்து நடந்தான். சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் பாதம் வீங்கி, சுண்டுவிரல் பக்கம் ஊதாவும் மஞ்சளுமாகக் கன்றியிருந்தது. அழுத்தினேன். அவன் என் ஸ்டெதாஸ்கோப் குழாயைக் கடித்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு. எப்போது விழுந்தான் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"என் பேரன் அழவே மாட்டான் டாக்டர், முருகன் குடுத்த தைரியம்" என்றார் ஆயா.

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆயா வெளியே போனதும் குழந்தையின் 'ரோடு டு ஹெல்த்' என்ற உடல்நலப் பதிவுப் புத்தகத்துக்குள் இருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய மரபணு ரிப்போர்ட். மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் 22ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்து நுனியில் ஒரு துண்டு இல்லை, ஷாங்க்-3 என்ற மரபணுவும் அந்தத் துண்டோடு போயிருக்கிறது என்று தெளிவாக எழுதியிருந்தது. ஏன் இத்தனை நாள் காட்டவில்லை என்று கேட்டேன். "உங்க பக்கத்துல யாருக்கு இருந்துச்சுன்னு கேட்டாங்க டாக்டர். அதுக்கப்புறம் இதை எடுக்கவே இல்லை."

இப்படி மடித்து ஒளித்த ரிப்போர்ட்டை நான் பார்ப்பது இது முதல் தடவையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

ஷாங்க்-3 செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் செய்தி கொடுக்கும் சந்திப்புக்குச் சினாப்ஸ் என்று பெயர். செய்தியை வாங்கும் பக்கத்தில் கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல மற்ற புரதங்களை அந்தந்த இடத்தில் பிடித்து நிறுத்துவது இந்த மரபணு உண்டாக்கும் புரதம். நம் எல்லோருக்கும் இதில் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று போனாலே சாரம் பலவீனமாகிவிடும். பிறந்ததிலிருந்து உடல் துவண்டிருப்பது, பேச்சு தாமதமாவது அல்லது வராமலே போவது, வளர்ச்சி பின்தங்குவது, பலருக்கு ஆட்டிசம், சிலருக்கு வலிப்பு. இந்த நிலைக்கு ஃபிலன்-மெக்டெர்மிட் சிண்ட்ரோம் என்று பெயர். ஷாங்க்-3 பழுதானால் ஆட்டிசம் வரலாம் என்பதை 2007இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்காக ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைக்கும் இதுதான் காரணம் என்று நினைக்காதீர்கள். நூறு பேரில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம்.

இப்போது என்னை வாட்டும் விஷயத்துக்கு வருகிறேன். 'மரபணு' என்ற சொல்லுக்குள் 'மரபு' உட்கார்ந்திருக்கிறது. அதனால் டாக்டர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த உடனே காதில் 'பரம்பரை நோய்' என்று விழுகிறது. பரம்பரை என்று விழுந்ததும் கண் மருமகள் மேல் போகிறது. அவள் பாட்டிக்கு இருந்ததா, மாமாவுக்குப் பேச்சு திக்குமாமே, கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாளா! தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு பெரிய புத்தகத்தை நகல் எடுக்கும்போது கடைசிப் பக்கம் விடுபட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலப் புத்தகத்தில் அந்தப் பக்கம் பத்திரமாகத்தான் இருக்கிறது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது நடக்கும் நகல் பிழை இது. இந்தத் துண்டு இல்லாத குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு இப்படிப் புதிதாகத்தான் நேர்கிறது. யாரும் எதையும் செய்து இது வரவில்லை, யாரும் எதையும் செய்து தடுத்திருக்கவும் முடியாது. அப்படி விடுபடுவது அப்பா கொடுத்த பிரதியில்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவைத் திட்டுவதற்காக அல்ல, அம்மாவை விடுவதற்காக.

அத்தை மகனைக் கட்டியதால் வந்ததா என்றும் கேட்கிறார்கள். இல்லை. சொந்தத்தில் கட்டினால் வரும் நோய்களில் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வரவேண்டும். இங்கே ஒரே பிரதி போனால் போதும்.

மீதமுள்ளவர்களில் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும். மொத்தத்தில் எதுவும் குறையாததால் அவர் ஆரோக்கியமாகவே இருப்பார்; பிள்ளைக்குப் போகும் பங்கில்தான் துண்டு குறைந்துவிடும். அதனால்தான் அடுத்த குழந்தைக்கு முன் இருவரையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைக்கிறோம். குற்றவாளியைத் தேடுவதற்காக என்று நினைத்து வராமல் இருக்காதீர்கள். இருவருக்கும் சரியாக இருந்தாலும் மறுபடி வரச் சிறிய வாய்ப்பு உண்டு. மரபணு பற்றி ஆலோசனை சொல்லும் ஜெனெடிக் கவுன்சிலரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

"குரோமோசோம் டெஸ்ட் எப்பவோ எடுத்தாச்சு, நார்மல்" என்று பழைய காகிதம் காட்டுபவர்களுக்கு: குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சாதாரண கேரியோடைப்பில் சிறிய துண்டு இல்லாதது தெரியாமல் போகலாம். இன்னும் நுணுக்கமான மைக்ரோஅரே பரிசோதனை அதைப் பிடிக்கும். மரபணுவுக்குள் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தால் அதற்கும் தெரியாது, மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங் வேண்டும்.

ஆயாக்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வலி உறைப்பதில்லை. அது தைரியம் இல்லை அம்மா, ஆபத்து. தினமும் குளிப்பாட்டும்போது தலை முதல் பாதம் வரை தடவிப் பாருங்கள். வீக்கம், சூட்டுக் காயம், வாய்க்குள் புண். திடீரென்று முரட்டுத்தனம் வந்தாலோ தூக்கம் கெட்டாலோ பிடிவாதம் என்று அடிக்காதீர்கள். முதலில் பல், காது, மலச்சிக்கல் பார்க்க வேண்டும். தெரிந்த வார்த்தைகள் மறைந்துபோனால் அன்றே அழைத்து வாருங்கள்.

பலருக்கு வியர்வையும் குறைவு. தைப்பூசக் காவடி நம் டர்பன் கோடையின் நடுவில் வருகிறது. அந்த வெயிலில், கொதிக்கும் தாரில், வெறுங்காலோடு இந்தப் பிள்ளையை நடக்க விடாதீர்கள். கால் வெந்தாலும் சொல்ல மாட்டான். நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். காரில் ஐந்து நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது.

சிறுநீரகத்தை ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். பேச்சு வரட்டும் என்று காத்திருக்காமல், வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கப் பிள்ளையைப் பழக்குங்கள். படம் காட்டினால் பேச்சு வராது என்பது பொய். மூல காரணத்தையே சரிசெய்யும் மருந்து இன்னும் நம் கைக்கு வரவில்லை, ஆய்வுகள் நடக்கின்றன. 'மரபணுவைச் சரிசெய்யும்' பவுடர் விற்பவரிடம் ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் பயிற்சிக்குப் போங்கள். கடுமையான குறைபாடுள்ள 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசின் சமூக உதவித்தொகை நிறுவனமான ஸாஸாவில் கேர் டிபெண்டென்சி கிராண்ட் என்ற பராமரிப்பு உதவித்தொகை உண்டு. கேட்க வெட்கப்பட என்ன இருக்கிறது?

அந்தப் பையனுக்குக் கட்டுப் போட்டாயிற்று. போகும்போது அம்மா அந்தக் காகிதத்தை ஆயா கையிலேயே கொடுத்தார். ஆயா அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை எப்ப வரணும் டாக்டர்?" என்றார். இரண்டு வாரத்தில் என்றேன்.