லோகோ இருக்கிறது, ஆர்டர் இருக்கிறதா?

ஒன்பது மணி புல்லட்டின் முடிந்து சேனலின் செய்தி டெஸ்க் மூச்சு விட்ட நேரம். “அக்கா, மைக்கைக் கொண்டாந்து குடுத்துடச் சொல்லிட்டாங்க” என்றது போனில் ஒரு குரல். பின்னால் கண்டக்டர் விசில். தாலுகா நிருபராகச் சேர்ந்து பதினாலு மாதமான பெண், வயது 23. மாவட்டச் செய்தியாளர் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அனுப்பும் மெசேஜ்களைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டிருந்தாள். அதற்குப் பதில் இல்லை. லோகோ மாட்டிய மைக்கை ஒப்படைக்கச் சொல்லிப் போன்தான் வந்தது. “நீங்க ஸ்டாஃப் இல்லியேம்மா, ஸ்ட்ரிங்கர்தானே” என்று ஒற்றை வரி விளக்கம் வேறு. ஸ்ட்ரிங்கர் என்றால் மாதச் சம்பளம் இல்லாமல், செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் நிருபர்.

ஊர் பெயரும் சேனல் பெயரும் வேண்டாம். எந்த மாவட்டத்தைப் போட்டுப் படித்தாலும் பொருந்தும்.

மாவட்டத்தில் ஒன்பது வருடம் ஓடிவிட்டு, இப்போது டெஸ்க்கில் மாவட்டச் செய்திகளைப் பார்ப்பவள் நான். தாலுகாவில் வேலை பார்க்கும் பெண்களிடம் சென்னைக்காரர்கள் முதலில் கேட்பது, “மணல் லாரிக்காரங்க மிரட்டுவாங்களா?” என்றுதான். மிரட்டுவார்கள். ஆனால் அது எப்போதாவது. தினப்படித் தொல்லை வேறு மாதிரி. சென்னையில் ஒரு செய்தி பிடிக்கவில்லை என்றால் ஆசிரியருக்குப் போன் போகும். தாலுகாவில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் போகும். “ஒம் பொண்ணு ரேஷன் கடை முன்னாடி நின்னு வீடியோ எடுக்குதாமே, இன்னும் வரன் பாக்கலியா?” அவ்வளவுதான். எந்த எஃப்.ஐ.ஆரிலும் இதை மிரட்டல் என்று எழுத முடியாது. ஆனால் அந்த வாரமே வீட்டில் ஸ்கூட்டி சாவி காணாமல் போகும். காலனியிலிருந்து வரும் பெண் என்றால் “யார் வீட்டுப் பொண்ணு நீ?” என்ற விசாரணை முடிந்த பிறகுதான் பேட்டி. சில வீடுகளில் டம்ளரும் மாறும்.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தன்று காலையிலேயே வாசலில் நின்றாக வேண்டும். மண்ணெண்ணெய் கேனோடு யாராவது வந்து தீக்குளிக்க முயன்றால் அந்த விஷுவல் தவறக் கூடாது. அதனால் அன்றைக்கு நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. அப்புறம் சிறுநீர்த் தொற்றுக்கு வைத்தியம் பார்த்த செலவெல்லாம் எங்கள் கணக்கில்.

இன்னொன்று வாட்ஸ்அப் குரூப். பிரஸ் மீட் எங்கே, விபத்து எங்கே என்பதெல்லாம் மாவட்டப் பத்திரிகையாளர் குரூப்பில்தான் ஓடும். அட்மினுக்கும் ஒரு பெண்ணுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் அவளைத் தூக்கிவிடுவார்கள். மறுநாள் டெஸ்க்கிலிருந்து, “எல்லா சேனல்லயும் வந்துருச்சு, ஒனக்கு மட்டும் ஏன் வரல?” என்று திட்டு விழும். நானே திட்டியிருக்கிறேன், காரணம் கேட்காமல்.

சரி, அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். ஸ்ட்ரிங்கர் என்று சொல்லிவிட்டால் சட்டம் விலகிப் போய்விடுமா? 1992-ல் ராஜஸ்தானின் பதேரி கிராமத்தில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதைத் தொடர்ந்து உச்ச நீதிமன்றத்தில் வந்ததுதான் 1997-ன் விசாகா தீர்ப்பு. அதன் வழியே வந்ததுதான் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம். ஒரு கிராமப் பணியாளரின் வழக்கில் பிறந்த சட்டம் கிராமத்து நிருபருக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தற்காலிகம், தினக்கூலி, ஒப்பந்தம், பயிற்சி எல்லாமே அந்தச் சட்டத்தில் ‘ஊழியர்’தான். சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வேலைக்கான பேச்சு எழுத்தில் இருந்தாலும் வாய்ச்சொல்லாக இருந்தாலும் அப்படித்தான். வேலைக்காகப் போகும் இடமும் பணியிடமே.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனத்தில் உள்ளக புகார் குழு இருந்தாக வேண்டும். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடச் சின்ன அலுவலகம் என்பதால் குழு இல்லை, அல்லது புகாரே முதலாளி மேல்தான் என்றால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர் புகார் குழுவுக்குப் போகலாம். கலெக்டர் அலுவலகத்தை வாரம் தவறாமல் சுற்றி வருகிறோம், அங்கே இப்படி ஒரு குழு இருப்பது நம்மில் பலருக்கே தெரியாது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், நான் இங்கே வேலை பார்த்தேன் என்று காட்டுவதில். நியமன ஆர்டர் கிடையாது. சம்பளச் சீட்டு கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று ஜிபேயில் வரும் காசு, அதுவும் சில சமயம் மாவட்டச் செய்தியாளரின் சொந்த நம்பரிலிருந்து. ஆகவே இந்தத் துறைக்கு வரும் தங்கைகளுக்கு நான் சொல்வது: டெஸ்க் அசைன்மெண்ட் கொடுத்த மெசேஜ், காசு வந்த விவரம், ஒளிபரப்பான செய்தியின் லிங்க் மூன்றையும் மாதா மாதம் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். தொல்லை தரும் மெசேஜை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் தேதியும் நம்பரும் தெரிய வேண்டும். ‘அண்ணன் ரிப்போர்ட்டர்’ என்று நீங்கள் சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் யாரென்று எப்படி நிரூபிப்பது?

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோலுக்குக் காசு கொடுங்கள், ஒரு பக்க நியமனக் கடிதம் கொடுங்கள். அப்புறம் இந்த விளம்பர டார்கெட். பொங்கல் மலருக்கு விளம்பரம் கேட்டு ஒன்றியச் சேர்மன் வீட்டு வாசலில் தாலுகா நிருபரை நிறுத்திவிட்டு, அதே சேர்மன் போட்ட ரோடு மூன்றே மாதத்தில் பெயர்ந்ததை அவளையே எழுதச் சொன்னால் எப்படி எழுதுவாள்? எழுதினால் அப்பாவிடம் போகும் பேச்சு இன்னும் மோசமாகும்.

கூட்டமாக நிற்பது எவ்வளவு பெரிய பலம் என்று காட்டியவர்கள் ‘கபர் லஹரியா’ பெண்கள். உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 2002-ல் புந்தேலி மொழியில் பத்திரிகை தொடங்கிய கிராமத்துப் பெண்கள், பலர் தலித்துகள். 2015-ல் அவர்களுக்கே ஒருவன் மாதக்கணக்கில் போனில் தொல்லை கொடுத்தான். போலீஸ் இழுத்தடித்தது. நடந்ததை வெளியே எழுதிய பிறகுதான் கைது. சேர்ந்து நின்றவர்களுக்கே இந்தக் கதி என்றால், தாலுகாவுக்கு ஒருத்தியாக நிற்கும் நம் பெண்களை யோசித்துப் பாருங்கள்.

அன்று ராத்திரி அந்தப் பெண்ணிடம், “மைக்கைக் குடுத்துடு, ஆனா கையெழுத்து வாங்காம குடுக்காதே” என்றேன். மறுநாள் மாவட்ட அலுவலகத்தில் கேமராமேன் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: தாலுகா செய்தியாளரிடமிருந்து மைக் 1, லோகோ 1 பெற்றுக்கொண்டேன். தேதி, கையெழுத்து, அலுவலக ரப்பர் ஸ்டாம்ப். பதினாலு மாதத்தில் அவளைச் செய்தியாளர் என்று அந்த அலுவலகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தாளில்தான். உள்ளூர் குழுவுக்குப் போன புகாரில் அதைத்தான் முதல் இணைப்பாக வைத்தோம்.