சரிவிகித உணவு: சரி என்றால் சமமா?

ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் 'சரிவிகித உணவு' என்று தலைப்புப் போட்டு ஒரு வட்டம் வரைந்து வைத்திருந்தான். சாப்பாட்டுத் தட்டாம். பிட்சா வெட்டுகிற மாதிரி அதை ஐந்து துண்டாக்கி மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு என்று ஆளுக்கு ஒரு பங்கு. ஏன்டா எல்லாம் ஒரே அளவு என்று கேட்டால், "சரிவிகிதம்னா சரிசமம்தானே மாமா?" என்கிறான். அவனைத் தப்பு சொல்ல மனசு வரவில்லை, சொல்லே அப்படித்தான் இருக்கிறது.

'சரி' நம் சொல்தான், தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட உண்டு. ஆனால் அதற்கு இரண்டு முகம். விடை சரி என்றால் பிழை இல்லை என்று பொருள்; சரிபாதி, சரிக்குச் சரி என்றால் சமம். 'விகிதம்' வடசொல். 'விதி' பிறந்த அதே வேர்தான், அங்கே 'விதிக்கப்பட்டது' என்று பொருள், இங்கே வந்து கணக்குப் பாட விகிதமாகிவிட்டது. இரண்டையும் ஒட்டியவர்கள் 'சரியான விகிதத்தில்' என்று நினைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள், பையன் காதில் 'சம விகிதம்' என்று விழுகிறது.

இது பேலன்ஸ்டு டயட் என்பதற்கு ஈடாக வந்த சொல். டயட் கிரேக்கத்து 'டயாய்ட்டா', வாழும் முறை என்று பொருள். இப்போது பட்டினி கிடப்பதற்கும் அதே பெயர்தான். பேலன்ஸ் என்பதுதான் சுவாரசியம். லத்தீனில் 'பி' இரண்டு, 'லான்க்ஸ்' தட்டு, ஆக இரண்டு தட்டு உள்ள தராசு. சந்தையில் ஒரு தட்டில் சின்ன இரும்புப் படிக்கல், மறு தட்டில் கத்தரிக்காய்க் குவியல், முள் மட்டும் நடுவில் நிற்கும். பார்வைக்குச் சமமே இல்லை, எடையில் சமம். உணவிலும் அப்படித்தான், ஒரு தட்டில் உடம்பு கேட்பது, மறு தட்டில் நாம் சாப்பிடுவது.

உடம்பு கேட்பது எவ்வளவு ஏறுமாறாக இருக்கிறது என்று பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, நாளுக்கு 2,000 கிலோகலோரி சாப்பாட்டுக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், காய்கறி கீரையோடு 400 கிராம், பழம் 100, பருப்பு வகையறா 85, பால் 300 மில்லி, கொட்டை விதைகள் 35, எண்ணெய் 27 கிராம் என்கிறது. இதில் எங்கே சமம்? சமைக்கும் முன் எடை போட்டால் காய்தான் அரிசி, கோதுமையைவிட அதிகம்! நம் ஹாஸ்டல் தட்டில் சோறு மலையாக இருக்கும், பொரியல் அதன் ஓரத்தில் ஒரு கரண்டி ஒட்டிக்கொண்டிருக்கும். இரும்புச்சத்து இன்னும் வேடிக்கை, 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 32 மில்லிகிராம், அதே வயதுப் பையனுக்கு 26. ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு, ஆனால் அது இல்லாமல் போனால்தான் மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்குகிறது.

சரி, வேறு சொல் உண்டா? 'நிறை உணவு' என்றால் பாலைச் சொல்வது போல, பல சத்தும் ஒன்றிலேயே இருக்கிற பண்டம் என்று ஆகிவிடும். 'சமச்சீர் உணவு' புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் காதில் விழுந்ததும் பாதிப்பேருக்குப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வருகிறது, அப்புறம் அதிலும் 'சம' ஒட்டிக்கொண்டே வருகிறது.

எனக்குப் பிடித்தது 'சீருணவு'. "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்" என்று குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வருகிறதே, அந்தக் கோல் தராசுதான். சீர்தூக்குவது என்றால் எடை பார்ப்பது. சீர் என்றால் ஒழுங்கு, அழகு என்றும் பொருள். லத்தீன்காரன் தட்டை எண்ணிப் பெயர் வைத்தான், நம்மிடம் எடை போடுவதற்கே சொல் தயாராக இருக்கிறது. வாயிலும் சுலபமாக வருகிறது.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டெஸ்டுல எதை எழுதுறது?" என்றான். சரிவிகித உணவு என்றே எழுது, வட்டத்தை மட்டும் அழித்து வரை என்றேன். அழித்து வரைந்ததில் பாதித் தட்டுக்குப் பச்சை அடித்திருக்கிறான், பக்கத்திலேயே சின்னதாக ஒரு பிட்சாவும்.