சூட்டை எத்தனை டிகிரி ஏற்ற வேண்டும்?

கத்திரி வெயில் நாட்களில் வேலூரில் மேல்மாடியில் குடியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், பகல் இரண்டு மணியைவிட ராத்திரி ஒன்பது மணிதான் மோசம் என்று. வெயில் எப்போதோ இறங்கியிருக்கும், ஜன்னல் வழியே கொஞ்சம் காற்றும் வரும். ஆனால் கட்டிலில் படுத்தால் மேலேயிருந்து அனல் இறங்கும். ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் கை சுடாது. 40 டிகிரியை ஒட்டி, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அறை முழுக்க விரிந்த பரப்பு என்பதால் அந்த வெதுவெதுப்பே நம்மை வேக வைக்கப் போதுமானது.

நமக்குத் தொல்லையான இந்த இயற்பியலைத்தான் குளிர் நாடுகளில் காசு கொடுத்துத் தரைக்கு அடியில் போட்டுக்கொள்கிறார்கள். காட்பாடியில் படித்துவிட்டு ஜெர்மனிக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் வீடியோ காலில் காட்டியிருப்பார்கள்: அறையைச் சூடாக்கச் சுவரில் மாட்டும் ரேடியேட்டர் இருக்காது, ஆனால் வெறுங்காலோடு நடப்பார்கள். டைல்ஸுக்குக் கீழே சிமென்ட் பூச்சுக்குள் பிளாஸ்டிக் குழாய் சுருள் சுருளாக ஓடுகிறது. அதில் போகும் தண்ணீர் வெந்நீர்கூட இல்லை, 35 டிகிரிதான். அதைச் சூடாக்குவது ஹீட் பம்ப்.

ஹீட் பம்ப் நமக்குப் புதிய பொருள் இல்லை. நம் வீட்டு ஏசியும் அதுதான், திசை மட்டும் வேறு. ஏசி உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. அங்கே வெளியே இருக்கும் சூட்டை எடுத்து உள்ளே கொண்டுவருகிறது. பூஜ்ஜியம் டிகிரி குளிரில் வெளியே ஏது சூடு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏசியில் ஓடும் ஆர்-32 வாயு சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குப் பூஜ்ஜியம் டிகிரி காற்றே அடுப்பு. அந்தக் காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி ஆவியாகும். கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்கும்போது வெப்பநிலை ஏறும். ஏறிய சூட்டைக் குழாய்த் தண்ணீரிடம் விட்டுவிட்டு மறுபடி திரவமாகும். கரண்ட் செலவாவது இந்த அமுக்கலுக்குத்தான். சூடு உண்டாக்கப்படவில்லை, இடம் மாற்றப்படுகிறது. அதனால் 1 யூனிட் கரண்டுக்கு 3, 4 யூனிட் சூடு கிடைப்பதில் மாயம் ஒன்றும் இல்லை. இப்படிக் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று இயற்பியலாளர் கெல்வின் 1852-லேயே எழுதிவிட்டார்.

மூன்றா, நான்கா, அல்லது வெறும் இரண்டா என்பதுதான் விஷயம். போர்வெல் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். 200 அடியில் தண்ணீர் இருந்தால் ஒரு பில், 800 அடிக்குப் போய்விட்டால் வேறு பில், மேலே வருவது அதே தண்ணீர்தான் என்றாலும். ஹீட் பம்ப்பிலும் சூட்டை எத்தனை டிகிரி ஏற்றுகிறோம் என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. 1 யூனிட் கரண்டுக்கு எத்தனை யூனிட் சூடு கிடைக்கும் என்பதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு: போய்ச் சேரும் வெப்பநிலையை, கெல்வினில் (அதாவது டிகிரியோடு 273-ஐக் கூட்டி), ஏற்றத்தால் வகுக்க வேண்டும். வெளியே 0, தரைக்குழாயில் 35 என்றால் 308-ஐ 35-ஆல் வகுக்க 8.8. பழைய ரேடியேட்டருக்கு 55 டிகிரி தண்ணீர் வேண்டுமென்றால் 328-ஐ 55-ஆல் வகுக்க சுமார் 6. நிஜ இயந்திரம் இதில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டும். அதாவது தரைக்குழாய்க்கு 4, ரேடியேட்டருக்கு 2.7 என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டி அதேதான், வீட்டுக்குள் இருக்கும் குழாய்தான் வேறு.

தரைக்கு 35 டிகிரி போதும் என்ற தைரியம் எங்கிருந்து வருகிறது? சுவரிலிருந்து. அங்கே புதிய வீடுகளில் வெளிச்சுவருக்கு ஒரு ஜாண் கனத்துக்கு வெப்பத்தடுப்புப் போர்வை போர்த்தி, ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி வைக்கிறார்கள். இப்படிப்பட்ட 1,000 சதுர அடி வீடு, வெளியே உறைபனியாக இருக்கும்போதும் சுமார் 3.5 கிலோவாட் சூட்டைத்தான் இழக்கும் என்று வைத்துக்கொள்வோம். நம் கணக்கில் அது 1 டன் ஏசி. தரையில் ஒரு சதுர மீட்டருக்கு 38 வாட் விழும். அதைக் கொடுக்கத் தரை அறையைவிட மூன்றரை டிகிரி சூடாக இருந்தாலே போதும். அறை 20, தரை 23.5. காலில் சூடே தெரியாது.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. மதியம் ஜன்னல் வழியே வெயில் விழுந்து அறை 23 டிகிரிக்கு ஏறிவிட்டால், தரைக்கும் அறைக்கும் வித்தியாசம் அரை டிகிரிதான். தரை சூடு கொடுப்பதைத் தானே ஏறக்குறைய நிறுத்திவிடும், எந்த தெர்மோஸ்டாட்டும் சொல்லாமலே. அப்புறம், சிமென்ட் பூச்சு சூடாகவும் ஆறவும் பல மணி நேரம் எடுக்கும். அதனால் ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் முழு வேகத்தில் போடுவது இந்த வீட்டுக்கு ஒத்துவராது. மெதுவாக, விடாமல் ஓடட்டும் என்று விடுவதே லாபம். 'இருக்கட்டுமே' என்று தேவைக்கு மேல் பெரிய பம்ப்பை வாங்கிவிட்டால் அது அடிக்கடி நின்று நின்று கிளம்பும். கரண்டும் போகும், கம்ப்ரசரும் தேயும்.

சரி, வேலூருக்கு இதில் என்ன? நமக்கு ஏற்றத்தின் இரண்டு முனைகளும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். வெளியே 41 டிகிரி. அவுட்டோர் யூனிட்டின் சுருள் தன் சூட்டைக் காற்றில் கொட்ட 55 டிகிரியாவது இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் சுருள் 10 டிகிரி. ஏற்றம் 45. குளிர்விக்கும்போது போய்ச் சேரும் முனைக்குப் பதிலாகச் சூட்டை எடுக்கும் முனையின் வெப்பநிலையை வகுக்க வேண்டும், ஆகவே உச்சவரம்பு 283-ஐ 45-ஆல் வகுத்தால் 6.3. இப்போது நம் அப்பார்ட்மென்ட்களில் நடப்பதைப் பாருங்கள். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று நான்கு வீட்டு அவுட்டோர் யூனிட்களையும் ஒரே குறுகலான டக்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, முன்னால் கிரில் போட்டு மூடிவிடுகிறார்கள். கீழ் யூனிட் கக்கும் அனலையே மேல் யூனிட் இழுக்கிறது. சுற்றியுள்ள காற்று 10 டிகிரி கூடினால் உச்சவரம்பு 5.1 ஆகிவிடும், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நஷ்டம். ஐந்து ஸ்டார் ஏசி வாங்கிய காசு அந்த டக்டிலேயே போய்விடுகிறது.

போர்வை நமக்குச் சுவரைவிடக் கூரைக்குத்தான் அவசரம். அந்தக் காலத்து வீடுகளில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு பதித்தார்கள். இன்று வெறும் கான்கிரீட்டோடு விட்டுவிட்டு, ஒன்றரை டன் ஏசி வாங்கலாமா இரண்டு டன்னா என்று கடையில் யோசிக்கிறோம். வெள்ளை கூலிங் டைல்ஸ் அதைவிட நல்ல முதலீடு என்பது என் கட்சி.

நம் ஊரில் ஹீட் பம்ப்புக்குச் சரியான வேலை வெந்நீர்தான். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் லாட்ஜுகளில் நோயாளிக்கும் கூட வந்தவர்களுக்கும் வெந்நீர் வேண்டியிருக்கும். 100 லிட்டரை 25-லிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற கெய்சருக்கு 3.5 யூனிட் ஆகும். வெளிக்காற்றே 27, 28 டிகிரி இருக்கும் ஊரில் ஹீட் பம்ப் அதை ஏறக்குறைய 1 யூனிட்டில் முடித்துவிடும். சோலார் கைவிடும் மழைநாளிலும் ஓடும். காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு, அந்தக் காற்றை அது குளிர்ச்சியாக வெளியே தள்ளும். அதனால் மொட்டை மாடியைவிடத் துணி துவைக்கும் இடத்துக்கோ சமையல்கட்டுக்கோ பக்கத்தில் வைத்தால், அங்கிருக்கும் சூடான காற்றை இழுத்து ஏற்றத்தைக் குறைத்துக்கொள்ளும், வேலை செய்பவர்களுக்கும் கொஞ்சம் ஆறுதல். ஏசி மாதிரியே இதிலும் தண்ணீர் சொட்டும், அதற்கு ஒரு டியூப் மட்டும் தனியாகப் போடச் சொல்ல வேண்டும்.